கால் சுற்று

உச்சி வெயிலில் மொட்டை மாடியின் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசவைக்கிறது. வேலைக்கு மனுப் போட ஒரு படம் வேண்டுமென்று வந்த தங்கை அதன் ஓரமாக நிற்கிறாள். "சீக்கிரம் எடுக்கா, உருகி ஓடிடப் போறேன்." கேமராவுக்குள் பார்க்கிற அக்காவுக்குத் தங்கையின் சிரிப்பு மட்டும்தான் தெரிகிறது, மூக்குக்கண்ணாடி முழுக்க வானம் வெள்ளைவெளேரென்று அப்பிக் கிடக்கிறது. "கண்ணாடியைக் கழட்டிடவா?" "வேண்டாம்டி, நான் பாத்துக்கறேன்." ஊரார் முகங்களைப் படமெடுத்தே பிழைக்கிறவள் அவள். பளபளப்பை விலக்கும் ஃபில்டரை லென்ஸின் முனையில் மாட்டி, வளையத்தைக் கால் சுற்று மெல்லத் திருப்புகிறாள். வெண்மை கரைகிறது. உள்ளே, இமை தடித்து ஓரம் சிவந்த, இராத்திரியெல்லாம் அழுத இரண்டு கண்கள். மூன்று வருஷத்துக்கு முன் இவள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளையைப் பற்றி, "தங்கமான மனுஷன்டி, கண்ணை மூடிட்டுச் சரின்னு சொல்லு" என்று இவளைப் பிடித்து உலுக்கியது வேறு யாருமில்லை, அக்காதான். "என்னக்கா, கண்ணு தெரியலையா?" என்ன ஆச்சுடி என்று இப்போதே கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும். விரல் தானாக வளையத்தை வந்த வழியே திருப்புகிறது. வானம் மறுபடியும் வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொள்கிறது. "நல்லாத் தெரியுது," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறாள்.