பூஜ்யத்துல இருந்து பதினொண்ணு

"இந்தக் குடும்பம் தேறாது மேடம். லிஸ்ட்லேருந்து அடிச்சுடுங்க."

சதவீத சார் ஃபைலை மேஜை மேல டொப்புன்னு போட்டாரு. அவரோட நிஜப் பேரு ஆபீஸ்ல யாருக்கும் ஞாபகமில்ல. டீ குடிச்சாகூட "சர்க்கரை இருபது சதவீதம் தூக்கல்"னு சொல்ற மனுஷன்.

குடும்ப நல மையத்துக்கு வர்ற குடும்பமெல்லாம் உருப்படுதா இல்லையான்னு அளந்து சொல்றதுதான் அவரு வேலை. சேரும்போது ஒரு ஃபாரம், ஆறு மாசம் கழிச்சு மறுபடி அதே ஃபாரம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பார்ப்பாரு.

"ஏழாவது கேள்வியைப் பாருங்க. 'சென்ற மாதம் வீட்டில் நடந்த சண்டைகள் எத்தனை?' சேரும்போது பூஜ்யம். இப்போ பதினொண்ணு! எத்தனை சதவீதம் ஏறியிருக்குன்னு கணக்குப் போடலாம்னா பூஜ்யத்தால வகுக்கவும் முடியல. கால்குலேட்டரே கையை விரிச்சுடுச்சு!"

எதிர்ல உக்காந்திருந்த ஆலோசகர் மேடம் அசரல.

"சண்டையே இல்லாத குடும்பம் எதுக்கு சார் நம்மகிட்ட வந்துச்சு? யோசிச்சீங்களா?"

"யோசிக்கறது என் வேலை இல்ல மேடம். எண்ணறதுதான் என் வேலை. இவங்க மட்டுமில்ல, உங்க செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வர்ற எட்டு வீட்லயும் இதே கதைதான். சும்மா இருந்தவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, சண்டை போடறது எப்படின்னு பாடம் எடுத்திருக்கீங்க. மாசக் கடைசியோட கூட்டத்தை நிறுத்திடலாம்னு எழுதப் போறேன்."

பேனா மூடியைத் திறந்துட்டாரு. அவரு எழுதினா எழுதினதுதான். மேல இருக்கறவங்க படிக்காமலே கையெழுத்துப் போட்டுடுவாங்க.

மேடம் சட்டுன்னு ஃபைல் மேல கையை வெச்சாங்க.

"தாராளமா எழுதுங்க சார். ஆனா இந்த ஃபாரத்தை எழுதின அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க."

"அதான் ஃபாரமே பேசுதே!"

"ஃபாரத்துக்கு வாய் கிடையாது சார். அவங்களுக்கு இருக்கு. வெளியே பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. கூப்பிடாம நான் இந்தக் கையை எடுக்கறதா இல்ல."

சார் கையைப் பார்த்தாரு. மேடத்தைப் பார்த்தாரு. எடுக்க மாட்டாங்கன்னு நூறு சதவீதம் தெரிஞ்சுபோச்சு.

"சரி, வரச் சொல்லுங்க."

உள்ள வந்தது ஒரு தையல்காரம்மா. கடையிலேருந்து நேரா ஓடி வந்திருக்காங்க போல, இன்ச் டேப் கழுத்துலயே தொங்குது. நாற்காலி நுனியில உக்காந்தாங்க.

சார் குரலை நீட்டி முழக்கினாரு. "ஏம்மா, ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்க வீட்ல எத்தனை சண்டை?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"இப்போ?"

"பதினொண்ணுங்க சார். நேத்தையதையும் சேர்த்துத்தான் எழுதினேன்."

"பார்த்தீங்களா மேடம்!" சாருக்கு முகமெல்லாம் பல்லு. "அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!"

மேடம் விடல. "பதினொண்ணும் எதுக்குன்னு சொல்லுங்கம்மா."

"மொதல்ல ஃபேனை எந்தப் பக்கம் திருப்பறதுன்னுதான் மேடம் ஆரம்பிச்சுது. அப்புறம் கடைச் சாவி யாருகிட்ட இருக்கணும்னு. அப்புறம் பொண்ணு மேல படிக்கணுமா வேண்டாமான்னு. அது மட்டும் மூணு நாள் ஓடுச்சு." தையல்காரம்மா இப்போ நல்லா சாஞ்சு உக்காந்துக்கிட்டாங்க. "நாலுல அவரு ஜெயிச்சாரு. ஆறுல நான். ஒண்ணு இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."

"பொண்ணு படிப்பு?"

"அது என் கணக்குல மேடம். திங்கக்கிழமை காலேஜ்ல சேர்த்தாச்சு. அவருதான் வண்டியில கொண்டுபோய் விட்டாரு, மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டு."

அவங்க உம்முன்னு செஞ்சு காட்டினதுல மேடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சாருக்கு வரல.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. முன்னாடி அமைதியா இருந்த வீடுதானே?"

"அமைதியா? நல்லா சொன்னீங்க போங்க! தினம் கத்துவாரு சார். சோத்துத் தட்டு பறக்கும். சில நாள் கையும் நீளும்."

"பின்னே ஏம்மா பூஜ்யம்னு எழுதினீங்க?"

"நீங்க சண்டை எத்தனைன்னுதானே கேட்டீங்க? அதெல்லாம் திட்டும் அடியும் சார். சண்டைன்னா ரெண்டு பேரு பேசணுமில்ல? அப்போ அவரு ஒருத்தருதான் பேசுவாரு. நான் வாயே திறந்ததில்ல. ரெண்டு பேரும் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வந்த அப்புறம்தான் எனக்கும் பேச்சு வந்துச்சு. அவருக்கும் காது வந்துச்சு. இப்போ தட்டு தட்டாவே இருக்கு சார்."

சார் ஏழாவது கேள்வியையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் 'சண்டைகள்'ங்கற வார்த்தையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டாரு.

"கூட்டம் நடக்கட்டும் மேடம். இந்தக் கேள்வியைத்தான் மாத்தணும்."

தையல்காரம்மாவுக்கு இப்போ பயமெல்லாம் போயே போச்சு. "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்ல மாசத்துக்கு எத்தனை சண்டை வரும்?"

"எங்க வீட்லயா?" சார் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டாரு. "கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம் ஆகுதும்மா. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட..."

பேச்சைப் பாதியில விட்டுட்டு, தான் போட்ட வட்டத்தைக் குனிஞ்சு பார்த்தாரு.

தையல்காரம்மா அவரு பக்கம் குனிஞ்சு, ரொம்பப் பதமா சொன்னாங்க.

"பரவால்ல சார். செவ்வாய்க்கிழமை உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. என் பக்கத்துல எடம் போட்டு வைக்கிறேன்."