காலியாகக் கிடந்த ஹெல்மெட்

விமானத்திலிருந்து குதிப்பவர்களோடு தானும் குதித்து அவர்களைப் படம்பிடிப்பது நெல்சனின் வேலை. அன்று, விரிந்த பாராசூட்டின் கயிறு அவன் ஹெல்மெட் கேமராவில் மாட்டிக் கழுத்தை இழுத்தது. தாடைப் பட்டையை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கைவிட்ட பிறகுதான் உயிர் தப்பினான். மறுநாள், சோளக்காட்டில் கிடந்ததென்று யாரோ அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கேமரா அணையாமல் ஓடியிருந்தது. நெல்சன் பதிவைப் போட்டுப் பார்த்தான். வானமும் மண்ணும் சுழன்றன. பிறகு அசையாத சோளத்தட்டைகள். யாரோ ஓடிவரும் சத்தம். வளையல் போட்ட கையொன்று ஹெல்மெட்டைத் தொடப் பயந்து, பிறகு மெல்லப் புரட்டியது. "ஆத்தா மாரியம்மா! உள்ள தலை இல்ல. யாரு பெத்த புள்ளையோ, பொழச்சுக்கிச்சு!" முன்பின் தெரியாத அந்தப் பெண் அழுதபடி ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, படம் இருண்டது. இருட்டுக்குள் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. நெல்சன் குனிந்து, திரையில் காதை வைத்துக்கொண்டான்.