மாடியில் காய்ந்த சட்டை

"இதுதான் நீ வெளுத்த லட்சணமா?"

துறைமுக அதிகாரி தன் வெள்ளைச் சட்டையை உதறினார். சலவைக்கடை மேசையெல்லாம் கரித்தூள்.

"வெளுத்ததுல குறையில்லை சார். மொட்டைமாடியில காயப்போட்டேன், அவ்வளவுதான்," என்றாள் சலவைக்காரி. உள்ளறையில் அவள் கணவர் இருமிக்கொண்டிருந்தார்.

"அறிவிருக்கா? எங்க கப்பல் புகை நேரா அந்த மாடியிலதானே இறங்குது! அரை நாள்ல கரி அப்பிடும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! இனிமே துறைமுகத்து யூனிஃபார்ம் ஒண்ணுகூட உனக்கு வராது."

"வயித்துல அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, காரணத்தையும் எழுதிக் கொடுத்துடுங்க. இந்தாங்க, புகார்ப் புத்தகம்."

"எழுதமாட்டேன்னு நினைச்சியா?"

சொன்னதில் ஒரு வரி விடாமல் எழுதி, பதவியோடு கையெழுத்தும் போட்டுவிட்டு விறுவிறுவெனப் படியிறங்கினார்.

"போச்சா? இருந்த ஒரே பெரிய வாடிக்கையும் போச்சா?" என்றார் கணவர், மூச்சிரைக்க.

"போகட்டும். நீங்க கோர்ட்டுக்குக் கிளம்புங்க. உங்க நுரையீரல் கேஸ்ல, கப்பல் புகை ஊருக்குள்ள வரவே இல்லைன்னு சத்தியம் பண்ணின மனுஷன், வருதுன்னு கைப்பட எழுதிக் கொடுத்துட்டுப் போறாரு."

"அப்போ அந்தச் சட்டை..."

அவள் அலமாரியைத் திறந்தாள். அதிகாரியின் மற்ற ஐந்து சட்டைகளும், வீட்டுக்குள்ளேயே காய்ந்து, பளீரென்று தொங்கின.