அந்தச் சத்தம்

"இது அந்தச் சத்தம் இல்லப்பா, ஹாமித். மறுபடியும் பாரு."

சீனிவாசகம் கண்ணைத் திறந்து இப்படிச் சொன்னதும் ஹாமித்துக்கு அழுகையே வந்துவிட்டது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். விருதுநகரில் பாதி வண்டிகளுக்கு வைத்தியம் பார்த்த கை. இப்போது ஸ்பானரைத் தொடவே அலுப்பாக இருந்தது.

"வேற என்னதான் செய்யச் சொல்றீக, அண்ணாச்சி? ரெண்டு கார்புரேட்டரும் லண்டன்லருந்து வந்துச்சு, மாட்டியாச்சு. சைலென்சரும் அங்கன வாங்குன சரக்குதான். இதுக்கு மேல சத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

சீனிவாசகம் ஹாமித்தின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவனை எடை போடுகிற பார்வை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி மாரித்தாய்தான் அவர் கையைத் தொட்டு, "எல்லாம் புதுசு மாட்டியாச்சாம்" என்றார்.

"மாட்டினா ஆச்சா? சத்தம் வரணும்ல!"

கத்தித்தான் சொன்னார். அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஃபேக்டரி வைத்திருக்கிற மனுஷன். ஆட்களை அதட்டியே பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேச வருமா என்று ஹாமித் நினைத்துக்கொண்டார்.

வண்டி, இரண்டே பேர் உட்காரும் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் சீனிவாசகம் மாரித்தாயைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனது இதில்தான். பிறகு ஃபேக்டரி குடோனில், காகித பண்டல்களுக்குப் பின்னால் கிடந்து துருப்பிடித்துப் போனது. போன சீசனில் அங்கே ஒரு ஷெட் வெடித்தது. நல்லவேளை, சாப்பாட்டு நேரம். ஆட்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். உள்ளே பார்வையிடப் போயிருந்த அண்ணாச்சி மட்டும் தூசியைத் தட்டிக்கொண்டு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு இந்த வண்டிமேல் ஆசை வந்தது.

"ஓட்டுறதுக்கு இல்லப்பா. அந்தப் பளைய சத்தத்தை ஒரு தடவை கேட்டாப் போதும்" என்று சொல்லித்தான் வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

ஒரு தடவையாம்! அதற்குள் ஹாமித்தின் முதுகு ஒடிந்துவிட்டது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, டிஸ்க் பிரேக் வந்தது, பழைய இரும்புக் குழாய்க்குப் பதில் பளபளவென்று ஸ்டீல் குழாய் வந்தது. சந்தேகம் கேட்கலாம் என்று போன் போட்டால் அண்ணாச்சி எடுக்கவே மாட்டார், மாரித்தாய்தான் எடுப்பார். சத்தம் கேட்க வந்தாலும் வண்டியில் ஏற மாட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார். ஹாமித் சாவியைத் திருப்புவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் கழித்து உதட்டைப் பிதுக்குவார்.

அந்த உதட்டுப் பிதுக்கல்தான் ஹாமித்தைத் தின்றது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "வால்வு அடிக்குது, உள்ள கொண்டா" என்று சொல்லிவிடுகிறவர் ஹாமித். அந்தக் காதை நம்பித்தான் இத்தனை வருஷமும் கடை ஓடியது.

"நசிமா, என் காது போச்சுன்னு நெனைக்கேன்" என்றார் மனைவியிடம், ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கு அம்புட்டு அருமையாக் கேக்குற சத்தம் அவருக்குச் சரியில்லயே. காது போன மெக்கானிக்குக்குக் கடை எதுக்கு? இந்தத் தடவையும் அவரு சரின்னு சொல்லலேன்னா, ஷட்டரை இளுத்து மூடிருவேன்."

"மூடிட்டு?"

"சும்மா கெடப்பேன்."

"நீங்களாவது, சும்மா கெடக்கதாவது! மிக்சி லேசா இரைஞ்சாலே தூக்கத்துல எந்திரிச்சு வாரீக. பேசாம சாப்பிடுங்க."

நசிமா சிரித்தாள். ஹாமித்துக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைக்கு வந்ததும் வராததுமாக, ஆத்திரத்தில் வண்டிக்கு அடியில் படுத்துச் சைலென்சரைக் கழற்றி மூலையில் எறிந்தார். சத்தம்தானே வேணும்? இந்தா, வயிறு முட்டக் கேளு!

தொழுகை முடிந்து திரும்பியபோது சீனிவாசகம் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு முன்கூட்டியே கண்ணை மூடிவிட்டார். மாரித்தாய் மட்டும் ரோட்டைத் தாண்டி ஹாமித்திடம் வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எப்படியாவது இன்னைக்குச் சரி பண்ணிருங்க, தம்பி. இவுக உறங்கியே ரொம்ப நாளாச்சு. என்னாலயும் முடியல."

"இன்னைக்கோட முடிஞ்சுரும்க்கா" என்றார் ஹாமித். கடையையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மாரித்தாய் திரும்பிப் போய்க் கணவர் பக்கத்தில் நின்றார். ஹாமித் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மிதித்தார்.

சரவெடிக் கட்டு மொத்தமாகப் பற்றிக்கொண்ட மாதிரி வண்டி அலறியது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. பரோட்டாக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஓடி வந்தார்கள். டீக்கடை லட்சுமிகாந்தம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யோவ், ஊரையே கொளுத்திட்டியாய்யா?" என்று கத்தியது வாயசைவில்தான் தெரிந்தது.

ஹாமித் மிதித்த காலை எடுக்காமல் வேப்பமரத்தடியைப் பார்த்தார். மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீனிவாசகம் அசையவில்லை. உதட்டையும் பிதுக்கவில்லை. ஆசையோடு காத்திருக்கிற முகம். ஹாமித் காலை எடுத்தார். எஞ்சின் அணையாமல் இரைந்துகொண்டே இருந்தது.

தெரு மொத்தமும் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, சீனிவாசகம் கண்ணைத் திறக்காமலே கத்தினார்:

"இன்னும் என்னப்பா யோசனை, ஹாமித்? வண்டிய ஸ்டார்ட் பண்ணு!"