ஆத்துக்கு ரெண்டு பக்கமும் பச்சை

"எங்களையும் ஆத்துக்கு அந்தப் பக்கத்து நாய்ங்களையும் ஒரே கலர்ல போட எவன்டா சொன்னான்?"

"கலர் நான் முடிவு பண்றதில்லண்ணே. ரெண்டு பாஷையும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு படிச்சவங்க எழுதிக் குடுத்தாங்க. நான் மெஷின் ஓட்டுறவன்."

மை கலக்குற ரூம்ல இருந்த எனக்கு அடுத்துக் கேட்டது பேச்சு இல்ல. அடி.

ஓடுனேன். மெஷின்மேன் என் மச்சினன். என் பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி.

எங்க பிரஸ்ல பள்ளிக்கூடச் சுவர்ல மாட்டுற மேப் படம் அடிப்போம். இந்தத் தடவை பாஷைக் குடும்பங்களோட படம். எந்தக் குடும்பத்துப் பாஷையை எங்க பேசுறாங்கன்னு, குடும்பத்துக்கு ஒரு கலர். ஆத்துக்கு இந்தப் பக்கம் எங்க பாஷை, அந்தப் பக்கம் அவங்க பாஷை. ரெண்டுக்கும் ஒரே பச்சை.

அந்தப் பச்சை நான் கலந்தது. அடி வாங்குனது அவன்.

ஒரு கூட்டமே முன் ஹால்ல படங்களைக் கிழிச்சு மிதிச்சுக்கிட்டு இருந்துது. படக்கட்டு கட்டுற சணலாலயே என்னை மெஷின் ரூம் தூணோட சேர்த்துக் கட்டிட்டுப் போனாங்க.

மெஷின்கிட்ட தாடிக்காரன் ஒருத்தன்தான். வந்தவங்கள்ல அவனுக்குத்தான் வெறி அதிகம். படத்துக்கு அடியில கோக்குற மரக்கட்டையை உருவி அடிச்சான். முதுகு. முட்டி. காது. ஒவ்வொரு அடிக்கும் எங்க பாஷை வாழ்கன்னு கத்துனான்.

மச்சினன் வாயே திறக்கல. உதடு கிழிஞ்சு சட்டை பூரா ரத்தம். ஐயோன்னு ஒரு சத்தம் இல்ல.

அந்த அழுத்தம்தான் தாடிக்காரனுக்குப் பொறுக்கல. மச்சினனோட வலது கையைப் பிடிச்சு ஓடுற உருளைக்குள்ள திணிக்கப் பார்த்தான்.

மெஷின்மேனுக்குக் கை போனா பொழப்பே போச்சு. நான் தொண்டை கிழியக் கத்துறேன். மெஷின் சத்தத்துல எவன் காதுலயும் விழல.

மச்சினன் திமிறுனான். தாடிக்காரன் கால் மையில வழுக்கிருச்சு. உருளை அவன் விரலைக் கவ்விருச்சு.

கத்துனான் பாருங்க, இன்னும் என் காதுல இருக்கு.

மச்சினன்தான் தவழ்ந்து போய் சிவப்பு பட்டனை அமுக்குனான். மெஷின் நின்னுது. தாடிக்காரன் விரலை உருவிக்கிட்டு தரையில உருண்டு புலம்புறான்.

அவன் புலம்புனது எங்க பாஷை இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பாஷை.

மச்சினன் ரத்தக் கையால அவன் வாயைப் பொத்துனான். அதே பாஷையில, மெதுவா, "கத்தாத. அவங்களுக்குக் கேட்டுச்சுன்னா உன்னையும் விடமாட்டாங்க"ன்னான்.

எனக்குப் புரிஞ்சுது. எங்க வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு அக்காவும் தம்பியும் பேசுற பாஷை அது. அவங்க அந்தக் கரையில பிறந்தவங்கன்னு எங்க மூணு பேருக்குத்தான் தெரியும்.

உசுரு போற வலியில பெத்தவ பாஷைதான் வாயில வரும். அதுக்குப் பயந்துதான் மச்சினன் அத்தனை அடிக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

ரெண்டு பேரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்தாங்க.

முன் ஹால்லேர்ந்து காலடிச் சத்தம் வந்துது.

தாடிக்காரன் எந்திரிச்சான். நசுங்குன விரலைச் சட்டைக்குள்ள மறைச்சான். கட்டையை எடுத்து மச்சினனோட வலது கையில ஒரே போடு. எலும்பு முறிஞ்சது எனக்கே கேட்டுச்சு.

"முடிச்சாச்சு, வாங்கடா போலாம்"னு எங்க பாஷையில சொல்லி, மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அந்தக் கை எலும்பு அப்புறம் ஒட்டவே இல்ல. நாங்க இப்ப வேற ஊர்ல இருக்கோம்.

அந்த அடி விழலேன்னா உள்ள வந்தவங்க தம்பியைக் கொன்னிருப்பாங்க, அவன் காப்பாத்திட்டுத்தான் போனான்னு என் பொண்டாட்டி சொல்றா. மச்சினன்கிட்ட கேட்டா இடது கையால சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கான். அக்காகிட்டயும் அந்தப் பாஷையில பேசுறதை விட்டுட்டான்.

நீங்க சொல்லுங்க. தாடிக்காரன் கடைசியா அடிச்சது மச்சினனைக் காப்பாத்தவா, தன்னைக் காப்பாத்திக்கவா? தோணுறதைக் கீழ எழுதுங்க. எந்தப் பாஷையில எழுதினாலும் சரி.