தட்டுகிற சத்தம்

"வர்றேன்னவ வரலைன்னா, நீயே படுத்துத் தொலையேன்டி!"

"நா மாட்டேங்க. வேற யாரையாச்சும் கூப்பிடுங்க."

காரிமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாதேஷும் அவன் மனைவி கோகிலாவும்தான். கோகிலா நடத்தும் மசாஜ் பயிற்சி மையத்துக்கு அன்று அங்கீகாரச் சோதனை. அதிகாரியம்மா வந்து உட்கார்ந்தாயிற்று. மாணவி மசாஜ் செய்து காட்ட ஒரு பெண் படுக்க வேண்டும்; வருவதாகச் சொன்னவள் வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போன என்னையும் கேட்டார்கள். முதுகைக் காட்டவா? நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

தினமும் அந்த வீட்டில் தட்டுகிற சத்தம் கேட்கும். மசாஜுக்குக் கோகிலா விடாமல் தட்டிப் பயிற்சி எடுக்கிறாள் என்று தெருவே மெச்சும். அப்படிப்பட்டவளுக்குப் படுக்க என்ன பிகு?

"அங்கீகாரம் போச்சுன்னா உன்னாலதான்!" என்றான் மாதேஷ்.

"சரிங்க. நீங்க சொல்லித்தான் படுக்கறேன்."

கோகிலா திரைக்குள் போனாள். அதிகாரியம்மாவோடு நானும் நுழைந்துவிட்டேன்.

கை வைக்கும் முன் தோலில் தெரிவதை உரக்கச் சொல்ல வேண்டும். அது கோகிலா கற்றுக்கொடுத்த விதி. மாணவி ரோசலின் துணியை விலக்கினாள். பார்த்ததை உரக்கச் சொன்னாள்.

"முதுகு பூரா பெல்ட் தடம். பழசும் இருக்கு, நேத்துப் பட்டதும் இருக்கு. இங்க அழுத்தக் கூடாதுங்க மேடம்."

அதிகாரியம்மா போலீசுக்குப் போன் போட்டார்.

அங்கீகாரம் கிடைத்தது. கோகிலா மையத்தோடு ஓசூருக்குப் போய்விட்டாள். வழக்கும் விவாகரத்தும் முடிந்ததும் மாதேஷ் பாலக்கோட்டில் பெண் எடுத்தான்.

புதுப்பெண் எந்தப் பயிற்சிக்கும் போனவள் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் மறுபடி கேட்கிறது.