முப்பது மில்லி

கன்னத்தில் விழுந்த இரண்டாவது அறையில் பல் ஒன்று ஆடியது.

மூன்றாவதில் விழுந்தது.

"லேபிள் எங்கடா?"

சோதனைச் சாவடிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவன் முட்டி போட்டிருந்தான். அவனை இறக்கிவிட்ட மதுரை பஸ் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. மேசைமேல் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டி. முப்பது மில்லி. உள்ளே கரும்பச்சை எண்ணெய்.

"கஞ்சா எண்ணெய்தானே?" என்றார் எஸ்.ஐ. ஜெயசீலன்.

"அந்தச் செடியில எடுக்குறதுதான் சார். சிபிடி எண்ணெய்னு பேரு. போதை கெடையாது. ஆயுர்வேதக் கடையில லைசென்ஸோட விக்கிறாங்க. டாக்டர் சீட்டக் காட்டித்தான் வாங்குனேன்."

"சீட்டு?"

"கடையிலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க சார். அப்பிடித்தான் சட்டமாம்."

"பில்லு?"

அவன் தன் விரல் நகத்தைப் பார்த்தான்.

சொன்னது அத்தனையும் உண்மை. காட்டத்தான் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

லேபிளை உரித்தவன் அவனேதான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். அட்டைப்பெட்டியிலும் கஞ்சா இலைப் படம், புட்டியிலும் அந்த இலை. இந்த மலையடிவாரத்தில் அந்த இலைக்கு ஒரே அர்த்தம்தான். அது இருக்கிற வீட்டில் எவனும் பெண் எடுக்க மாட்டான். அவன் நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தான். பெட்டியையும் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டான்.

உரிமம் எண், பேட்ச் எண், பெட்டிக்குள் இருந்த பில், எல்லாம் அதோடு போயின.

மானத்தைக் காப்பாற்றப் பார்த்தான், பாவம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது காவலர் பவுன்ராஜின் கொள்கை. அதை அவர் இப்போது அவன் குதிகாலில் சொல்லிக்கொண்டிருந்தார். லத்தி விழும் ஒவ்வொரு முறையும் அவன் உடம்பு தானாகத் துள்ளியது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். கடைக்குப் போன் போடச் சொல்லிக் கெஞ்சினான்.

எண் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எஸ்.ஐ. போட்டார். ஒலிபெருக்கியில் கடைக்காரப் பெண்ணின் குரல் வந்தது.

"புட்டியில பேட்ச் நம்பர் என்ன சார் இருக்கு?"

"லேபிளே இல்லம்மா."



"லேபிள் இல்லாத புட்டிய எங்களுதுன்னு நான் சொல்லக் கூடாது சார். ரூல்ஸ் அப்பிடி."

அவனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் சட்டப்படி பேசினாள். தன் விரல் நகத்தின்மேல்தான் கோபம் வந்தது. பிடுங்கி எறியலாம்போல் வந்தது.

பவுன்ராஜ் மறுபடி லத்தியை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. அவன் மண்ணில் சுருண்டான்.

"கேஸ் எழுதுனா எண்ணெய லேபுக்கு அனுப்பணும்" என்று எஸ்.ஐ. கொட்டாவி விட்டார். "ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இவன் உள்ள கெடக்கணும்."

அவன் மனைவி சுருளியம்மாளிடம் மாதக்கணக்கு இல்லை.

அவளுக்கு எலும்பில் புற்று. போன புட்டி தீர்ந்து மூன்று நாள். மூன்று நாளும் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாக்கடியில் நாலு சொட்டு விட்டால் போதும், தூங்கிவிடுவாள். தூங்குவதைப் பார்ப்பதற்காகவே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

எஸ்.ஐ. புட்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மருந்துதானே? குடிச்சுக் காட்டு. மொத்தத்தையும். குடிச்சிட்டு ஊரு போய்ச் சேரு."

"நாலு சொட்டு குடிக்கிறேன் சார். மிச்சத்த விட்டுருங்க. வீட்ல சீக்காளி கெடக்கா."

"பாத்தீங்களா சார், பயப்படுறான்" என்றார் பவுன்ராஜ். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"இல்லேன்னா மண்ணுல ஊத்துறேன்" என்றார் எஸ்.ஐ.

மூடி திருகும் சத்தம் கேட்டது.

"குடுங்க சார். நானே குடிக்கிறேன்."

இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு சொட்டு சிந்திவிடக் கூடாதே என்று புட்டியின் கழுத்தைப் பல்லுக்குள் கொடுத்துக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டும் இறங்கும்வரை தலையை நிமிர்த்தியே வைத்திருந்தான். விழுந்த பல்லின் குழியில் அது தீயாக எரிந்தது.

தொண்டையை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டினான்.

பவுன்ராஜ் புட்டியைப் பிடுங்கிக் கீழே போட்டு பூட்சால் மிதித்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று எஸ்.ஐ. சிரித்தார்.

அவன் கைகூப்பினான்.

"போடா."

இடுப்பில் ஒரு உதை. வாசல் கல்லில் முகம் மோத விழுந்தான். உள்ளங்கை உரிந்தது, மூக்கு உடைந்தது. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்து, வந்த பஸ்ஸை மறித்து ஏறினான்.

கண்டக்டர் பதறிவிட்டார். உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி அவனை உட்காரவைத்தார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"ஐயய்யோ, என்னண்ணே இம்புட்டு ரத்தம்? இந்தாங்க, வாயக் கொப்புளிச்சுத் துப்புங்க."

அவன் வேகமாகத் தலையாட்டி மறுத்தான். கண்ணில் நீர் வழிந்தது.

ஊருக்கு இன்னும் பதினோரு ஸ்டாப் இருந்தது. உடைந்த மூக்கால் மூச்சு விட்டபடி, எச்சிலைக்கூட விழுங்காமல், அவன் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.